நாள்தோறும் ஓடும் காருக்கு ஏற்ற வில் எது?

மோட்டார் கார் வாங்குவோர் அதன் எஞ்சினைப் பற்றிக் கேட்குமளவுக்கு, அதைத் தாங்கி நிற்கும் வில்லைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால், நாள்தோறும் வேலைக்குப் போய்வருபவரின் இடுப்பு வலிக்கும், பின்னிருக்கையில் அமரும் முதிய பெற்றோரின் சிரமத்துக்கும், மழை நாளில் டயர் சாலையைப் பற்றுவதற்கும் அவ்வமைப்பு பெரிதும் காரணமாகிறது. இக்காலத்தில் நம் இளைஞர் பலர், உயரத்தையும் இறுக்கத்தையும் மாற்றத்தக்க புதிய அமைப்பைப் பொருத்துகின்றனர். பட்டறையில் அதனை ‘அட்ஜஸ்டபிள்’ என்றே அழைப்பர். ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவிட்ட பின், வண்டி முன்னைவிட அதிகம் குலுங்குகிறதே என்று வருந்துவோரும் உளர். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

வில்லும் அதிர்வடக்கியும்

ஒரு நீண்ட ரப்பர்ப் பட்டையில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுக. கையை மெல்ல மேலும் கீழும் அசைத்தால் கல் கையோடு சேர்ந்தே அசையும். சற்று விரைந்து அசைத்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கல் மிகையாகத் துள்ளும். மேலும் விரைந்து அசைத்தால் கல் ஏறக்குறைய அசையாமலே நிற்கும். கையைச் சாலையாகவும் கல்லைக் காரின் உடலாகவும் எண்ணிப் பார்த்தால், மெல்லிய வில்லின் பயன் விளங்கும். சாலையின் சிறு குலுக்கல்கள் மேலே ஏறாமல் அது தடுக்கிறது.

வில் தானே அடங்காது. ஒருமுறை அமுங்கினால் பலமுறை ஆடும். அந்த ஆட்டத்தை எண்ணெயின் தடையால் நிறுத்துவது அதிர்வடக்கி. ‘அப்சார்பர்’ என்று நாம் சொல்வது அதைத்தான். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் இரும்புக் கம்பிபோல் நின்று, சாலையின் அடியை நேரே இருக்கைக்குக் கொண்டுவரும்.

எண்கள் கூறும் உண்மை

வண்டியின் எடையால் வில் எவ்வளவு அமுங்குகிறதோ, அதைக் கொண்டு அதன் ஆட்டத்தைக் கணக்கிடலாம். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் வண்டி நிமிடத்துக்குச் சுமார் 60 முறை ஆடும். 11 சென்டிமீட்டரானால் 90 முறை. 6 சென்டிமீட்டரானால் ஏறத்தாழ 120 முறை. குடும்பக் கார்கள் பெரும்பாலும் 60க்கும் 90க்கும் இடையில் அமைகின்றன. அமர்ந்திருக்கும் மனித உடல், வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான செங்குத்து அதிர்வையே மிகக் கூர்மையாக உணரும். ஆகவே வண்டியின் ஆட்டம் அதற்கு நெடுந்தொலைவு கீழே இருப்பது நலம்.

இனி, கடைக்காரர் சொல்லும் ‘8 கிலோ வில்’ என்பதை ஆராய்வோம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 8 கிலோ எடை வேண்டும் என்பது அதன் பொருள். முன்சக்கரம் ஒன்றின் மேல் 300 கிலோ சுமை இருப்பதாகக் கொள்வோம். அந்த வில் 4 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே அமுங்கும். வண்டி நிமிடத்துக்கு 150 முறைக்கு மேல் ஆடும். அது பந்தயத் திடலுக்கு உரியது. அதே சுமைக்கு 3 கிலோ வில் 10 சென்டிமீட்டர் அமுங்கும். ஆட்டம் 95 அளவில் நிற்கும். நாள்தோறும் ஓட்டுவதற்கு இதுவே ஏற்றது. பின்பக்கத்தில் வில் பல வண்டிகளில் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி அமைந்திருப்பதால், அதன் எண்ணை முன்வில்லின் எண்ணோடு நேராக ஒப்பிடலாகாது.

மற்றொரு நுட்பமும் உண்டு. மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம்; பின்சக்கரம் சற்றுப் பிந்தியே ஏறும். பின்பக்கம் சிறிது விரைவாக ஆடினால் இரண்டும் விரைவில் இணைந்து, தொட்டில்போல் முன்னும் பின்னும் ஆடுவது அடங்கும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மோரிஸ் ஓலி என்னும் பொறியாளர் இதனை ஆராய்ந்து விளக்கினார்.

உயரம் மாற்றும் முறை

‘ஹை-லோ’ அமைப்புகள் இருவகைப்படும். முதல் வகையில் வில்லின் அடித்தட்டைத் திருகி உயரத்தை மாற்றுவர். வண்டியை அவ்வாறு தாழ்த்தினால், பள்ளத்தில் விழும்போது அமுங்குவதற்குரிய இடம் குறைந்துவிடும். இரண்டாம் வகையில் அதிர்வடக்கியின் அடிப்பகுதியே திருகி நீளும், குறுகும். உயரம் மாறினாலும் உள்ளே தண்டு ஓடும் நீளம் குறையாது. குடும்பத்தோடு செல்வோருக்கு இதுவே நல்லது. அடித்தட்டைத் திருகி ஏற்றினால் வில் கடினமாகும் என்பது தவறான எண்ணம். சீரான சுருள்வில் அதனால் கடினமாவதில்லை, வண்டிதான் உயரும்.

வண்டியை மிகவும் தாழ்த்தாதீர். நால்வர் ஏறி, வேகத்தடை மேட்டைக் கடந்தவுடன் தண்டு ரப்பர்த் தடையில் இடித்தால், எந்த உயர்ந்த பொருளும் பயன் தராது. மேல்தாங்கி ரப்பரால் ஆனதா என்றும் கேளுங்கள். உலோகக் குண்டுத் தாங்கி திருப்பத்தில் துல்லியம் தரும். ஆயினும் சாலையின் ஒலியை உள்ளே கடத்தும்.

இறுக்கம் பார்த்தல்

‘சாஃப்ட்-ஹார்ட்’ குமிழ் அதிர்வடக்கியின் தடையை மட்டுமே மாற்றும். கடின வில்லை மென்மையாக்காது. இதை மறந்தே பலர் ஏமாறுகின்றனர். குமிழை முழு இறுக்கம்வரை மெல்லத் திருப்பி, அங்கிருந்து எண்ணி இளக்குங்கள். இடமும் வலமும் ஒரே எண்ணாக இருத்தல் வேண்டும். ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு படி மட்டும் மாற்றுக. மேட்டைக் கடந்த பின்னும் வண்டி பலமுறை ஆடினால் இறுக்குங்கள். சிறு கூழாங்கல்லும் உடலில் தெரிந்தால் இளக்குங்கள்.

உயரத்தை மாற்றினால் சக்கரக் கோணங்களும் முன்விளக்கின் பார்வையும் மாறிவிடும். இரண்டையும் சரிசெய்தல் கட்டாயம். செம்மண்ணும் மழையும் திருகு மரையைத் துருப்பிடிக்கச் செய்யும். அவ்வப்போது கழுவித் துடைத்து வைக்கவும்.

பணத்தை எடுக்குமுன், டயரின் காற்றையும் தேய்ந்த ரப்பர்ப் புதைகளையும் சோதித்துப் பாருங்கள். சில வண்டிகளில் நோய் அவ்வளவுதான். அதன் பிறகும் மாற்ற வேண்டுமெனில், வில்லின் எண்ணை முதலில் கேளுங்கள். நிறத்தையும் பெயரையும் பிறகு பார்க்கலாம்.