தில்லி முதல் டோக்கியோ வரை: தொலைவும் நேரமும்

மாணவர்களே, ஒரு சிறு கணக்கு. தில்லியில் இரவு 8 மணிக்குப் புறப்படும் விமானம் மறுநாள் காலை 7 மணிக்கு டோக்கியோவை அடைகிறது. டோக்கியோவில் முற்பகல் 11 மணிக்குக் கிளம்பும் விமானம் அன்று மாலை 5 மணிக்குத் தில்லியில் இறங்குகிறது. இவை அந்தந்த நகரத்து நேரங்கள். எந்தப் பயணம் நீண்டது? போவதற்கு 11 மணி நேரம், வருவதற்கு 6 மணி நேரம் என்று சொல்லத் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது.

ஜப்பானியக் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. டோக்கியோவில் காலை 7 மணியாகும்போது தில்லியில் விடியற்காலை 3.30 தான். ஆகவே போகும் பயணம் ஏழரை மணி நேரம். டோக்கியோவின் முற்பகல் 11 மணி தில்லிக்குக் காலை 7.30. ஆகவே திரும்பும் பயணம் ஒன்பதரை மணி நேரம். குளிர்காலத்தில் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்கிறது.

தொலைவு மாறிவிட்டதா? இல்லை. பூகோள உருண்டையில் இவ்விரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்து இணைத்தால், அக்கோடு ஏறத்தாழ 5,850 கிலோமீட்டர் நீளும். அது திபெத்துப் பீடபூமியின் மேலே செல்லும். விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், மூச்சுவிடத்தக்க சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு விரைந்து இறங்க வேண்டும். திபெத்தின் தரையோ சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் உள்ளது! ஆதலின் விமானங்கள் பெரும்பாலும் தெற்கே சற்று வளைந்து செல்கின்றன. ஆனால் இந்த வளைவு போகும்போதும் வரும்போதும் பொதுவன்றோ? அப்படியானால் இரண்டு மணி நேர வேறுபாடு எதனால் வந்தது?

காற்றினால் வந்தது. ஆசியாவின் வட பகுதிக் குளிருக்கும் தென்பகுதி வெப்பத்துக்கும் உள்ள வேற்றுமையாலும், பூமியின் சுழற்சியாலும், 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. இதனை ஜெட் காற்றோட்டம் என்பர். குளிர்காலத்தில் ஜப்பானின் மேலே இதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. கோடையில் அது தளர்ந்து வடக்கே விலகும், வேறுபாடும் குறையும்.

போகும்போது கிடைக்கும் லாபம் வரும்போது ஏற்படும் நஷ்டத்துக்கு ஈடாகும் என்று எண்ணாதீர்கள். 6,000 கிலோமீட்டர் வழியை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 6 மணி 40 நிமிடம் ஆகும். காற்றின் வேகம் 100 ஆனால், அதனோடு செல்ல 6 மணி. எதிர்த்து வர ஏழரை மணி. லாபம் 40 நிமிடம். நஷ்டம் 50 நிமிடம். எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் தங்குகிறோம் என்பதே காரணம்.

இக்காற்றை 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்னும் ஜப்பானிய அறிஞர். உலகத்தார் அனைவரும் படிக்கட்டும் என்று 1926-இல் தம் அறிக்கையை எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழியில் எழுதினார். படித்தவர் மிகச் சிலரே. 1944-இல் ஜப்பானின் மேலே உயரப் பறந்த அமெரிக்கப் போர் விமானிகள் இக்காற்றில் சிக்கித் திகைத்தனர்.

இன்று எந்த விமானியும் தொலைவை மட்டும் பார்த்து எரிபொருள் நிரப்புவதில்லை. அன்றைய காற்றையும் கணக்கிட்டே நிரப்புகிறார். பயணிகளின் உயிர் அக்கணக்கைச் சார்ந்தது. ஆகவே இரு நகரங்களுக்கிடையே எவ்வளவு நேரம் என்று யாரேனும் வினவினால், எத்திசையில், எந்தப் பருவத்தில் என்று முதலில் கேளுங்கள். பிறகு விடை சொல்லுங்கள்.