வைக்கோற்கட்டின் மேல் ஒரு தோட்டம்

ஏப்ரல், மே மாதங்களில் கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்தில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ரத்னகிரி அல்போன்சா மாம்பழங்கள் பெட்டிக்குள் வைக்கோல் மெத்தையில் படுத்தபடி வந்து இறங்குகின்றன. பழம் வீட்டிற்குள் செல்கிறது. வைக்கோல் குப்பை வண்டிக்குச் செல்கிறது. அதைத் தடுத்து நிறுத்தி, எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் காய்கறி பயிரிட முனைந்தோம்.

மண்ணின்றி வைக்கோற்கட்டிலேயே செடி வளர்க்கும் முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தவரான ஜோயல் கார்ஸ்டன். அங்கே வசந்தம் பிறந்த பின்னும் நிலத்தின் குளிர் விடாது. கட்டை நனைத்துத் தழைச்சத்து இட்டால் நுண்ணுயிர்கள் பெருகி உள்ளே சூடேறும். நிலம் வெப்பமடையும்வரை காத்திராமல் நாற்று நடலாம். ஈர வைக்கோற்போர் உள்ளுக்குள் கனலும் என்பது தஞ்சை உழவர்க்குப் புதிய செய்தியன்று. அவர்கள் அஞ்சிய வெப்பத்தை அந்நாட்டினர் முதலீடாக்கிக்கொண்டனர்.

மும்பையிலோ அவ்வெப்பம் வரவன்று, செலவு. இதை உணராது முதலாண்டில் நனைத்த நான்காம் நாளே தக்காளி நாற்றுகளை நட்டோம். வேர்கள் வெந்து, ஒரே வாரத்தில் அத்தனையும் சாய்ந்தன.

நமக்கு வசந்தத்திற்கு ஈடான பருவம் மழை ஓய்ந்த பின்னரே வருகிறது. காந்தி மார்க்கெட் அருகே தெருவில் தண்ணீர் தேங்கும் மாதங்களில் வைக்கோலை நனையாமல் காத்து வைக்கிறோம். செப்டம்பர் இறுதியில் அதைக் கயிற்றால் இறுகக் கட்டி, மூன்று நாட்கள் நீர் மட்டும் ஊற்றுகிறோம். பின்னர் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலை ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றுகிறோம். செயற்கை உரமிட்டால் பன்னிரண்டு நாட்களில் கட்டு பதப்படும் என்பர். பிண்ணாக்கிற்கு மூன்று வாரமேனும் ஆகிறது. நாட்கணக்கைவிடக் கையே நம்பகமானது. கட்டினுள் விரல்களை நுழைத்தால் சூடு தெரியக் கூடாது. அதன்பின் குழி பறித்து, ஒரு பிடி மட்கிய உரம் இட்டு நாற்றை ஊன்றலாம்.

எடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நனைந்த கட்டு உலர்ந்ததைப் போல் பன்மடங்கு கனக்கும். பழைய கட்டடமாயின் பொறியாளரைக் கேளாமல் தொடங்காதீர்கள். தளத்தின் நடுவே வைக்காமல், அவர் காட்டும் சுவர், உத்தரங்களின் மேல், செங்கல் அடுக்கி உயர்த்தி வையுங்கள். நாங்கள் நேராகத் தரையில் வைத்ததால் மேல்தள மாமியின் பூசையறைக் கூரையில் ஈரம் கசிந்தது. சங்கக் கூட்டத்தில் தோட்டமே கைவிடப்படும் நிலை வந்தது. கசிவை எங்கள் செலவில் அடைத்துக் கொடுத்த பிறகே மீண்டும் மாடிக்கதவின் சாவி கிடைத்தது.

மும்பைக்கு மாடித்தோட்டம் புதிதன்று. துறைமுகக் கழகத்தின் உணவுக்கூட மாடியில், அங்கு அலுவலராக இருந்த பிரீத்தி பாட்டீல் 2002ஆம் ஆண்டிலேயே சமையற்கழிவை உரமாக்கிப் பயிர் வளர்த்தார். தாராவியை ஒட்டிய மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் குப்பைமேடாக இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவர்.

சென்ற பருவத்தில் தக்காளியும் வெந்தயக்கீரையும் நன்கு வந்தன. மார்ச்சில் கட்டுகள் கறுத்துச் சரிந்து, தொட்டிகளுக்கு உரமாயின. முதல் பறிப்பை மாமியிடம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர், அடுத்த முறை பாகற்காய் போடச் சொன்னார். அதற்குப் பந்தல் வேண்டும்; சங்கத்தின் அனுமதி இன்னும் வரவில்லை.