பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் புத்தகங்கள்

2020 மார்ச் 16, திங்கட்கிழமை இரவு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்துச் சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். அக்காள் மகளிடமிருந்து அழைப்பு.

"மாமா, நாளைக்குக் காலைல யூனிக்குக் கொண்டுபோய் விடுறீங்களா? புத்தகம் எடுக்கணும். புதன்கிழமைல இருந்து எல்லாத்தையும் மூடிடுவாங்களாம்."

ஊரே அரிசியும் மேகி மீயும் வாங்க ஓடிய அந்தச் செவ்வாய்க்கிழமையில் நாங்கள் நூலகத்துக்குப் போனோம். போருக்கு முந்திய மலாயாத் தமிழ்ச் சிறுகதைகள் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு பைகள் நிறைய நூல்களோடு திரும்பி வந்தாள், ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. மிக முக்கியமாக வேண்டியிருந்த ஒரு பழைய தொகுப்பு கிடைக்கவில்லை. அது 'ரெட் ஸ்பாட்' நூல். முதுகில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருக்கும். எல்லாரும் பயன்படுத்த வேண்டும் என்பதால் சில மணி நேரம்தான் வெளியே தருவார்கள். "இரண்டு வாரம் மூடப்போறீங்களே, அதுவரை யார் வந்து படிக்கப்போறாங்க?" என்று கேட்டிருக்கிறாள். முகப்பில் இருந்தவர் நல்லவர்தான். ஆனால் கணினி அனுமதிக்கவில்லை. அனுமதிக்கக்கூடிய அதிகாரி அன்று விடுப்பில்.

அந்த இரண்டு வாரம் நீண்டுகொண்டே போனது. அவளுடைய நூலகம் மறுபடி கதவைத் திறந்தபோது நான்கு மாதம் ஆகியிருந்தது. யாரும் தொட முடியாத அலமாரியில், எல்லாரும் படிப்பதற்காக அந்த நூல் பத்திரமாக இருந்தது!

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் நம் பிள்ளைகள் படிக்கும் பல்கலைக்கழக நூலகங்கள் என்ன செய்யும் என்ற கேள்வியை இப்போதே கேட்கலாம். முதல் ஏற்பாட்டுக்கு ஒரு காசு செலவில்லை. மூடும் உத்தரவு வந்த நிமிடமே இரவல் வரம்பு தானாக உயரட்டும், திருப்பித் தரும் தேதி தள்ளிப்போகட்டும், தண்டம் நிற்கட்டும், ரெட் ஸ்பாட் நூல்கள் வெளியே போகட்டும் என்று முன்கூட்டியே எழுதி, கையெழுத்திட்டு, கணினியிலும் ஏற்றி வைத்துவிட வேண்டும். பொறுப்பாளர் விடுப்பில் இருந்தால் யார் முடிவெடுப்பது என்றும் அதே தாளில் இருக்க வேண்டும்.

"அதுதான் எல்லாம் இணையத்தில் இருக்கிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. பொறியியல், மருத்துவம் படிப்பவர்களுக்கு ஓரளவு உண்மை. ஆய்விதழ்கள் பெரும்பாலும் மின்வடிவில் வந்துவிட்டன. வீட்டிலிருந்து நுழையக் கடவுச்சொல் இருந்தால் போதும். ஆனால் அந்தக் கடவுச்சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தாத மாணவர்கள் எத்தனை பேர்! வளாகத்துக்குள் இருக்கும்வரை அது தேவைப்படாது. தேவைப்படும் நாளில் உதவி கேட்க ஆள் இருக்கமாட்டார். நூலக ஊழியர்களின் நிலையும் இதுதான். அலுவலக மேசைக் கணினியில் மட்டும் வேலை செய்யும் மென்பொருளை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து யாருக்கு உதவுவது?

மின்னூலிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் படிக்கும் உரிமத்தோடு ஒரு நூலை நூலகம் வாங்கியிருந்தால், வகுப்பில் 40 பேர் இருந்தாலும் ஒருவர்தான் படிக்கலாம், 39 பேர் வரிசையில் நிற்க வேண்டும். பலர் ஒரே சமயத்தில் படிக்கும் உரிமத்துக்கு விலை வேறு, அதுவும் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் அல்லது பவுனில். 2020இல் பல பதிப்பகங்கள் பெருந்தன்மையோடு இலவச அனுமதி கொடுத்தன. சில மாதங்களில் அந்தக் கதவுகள் திரும்பச் சாத்தப்பட்டன. நெருக்கடி நேர அனுமதியை முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் நூலகத்துக்கு நல்லது.

அமெரிக்காவில் நடந்த ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஹாத்திடிரஸ்ட் என்பது பல பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து 2008இல் தொடங்கிய மின்னூல் களஞ்சியம். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட நூல்கள் அதில் ஏற்கெனவே வருடப்பட்டு இருந்தன. நூலகங்கள் மூடப்பட்டதும், 2020 மார்ச் 31இல், அது ஓர் அவசரச் சேவையைத் திறந்தது. ஒரு நூலகத்தின் அலமாரியில் ஒரு நூலின் இரண்டு பிரதிகள் பூட்டிக் கிடந்தால், அந்த நூலகத்தின் மாணவர்கள் இருவர் ஒரே நேரத்தில் அதைத் திரையில் படிக்கலாம். பிரதி எத்தனையோ, வாசகர் அத்தனை பேர். அதற்கு ஒரு வாரம் முன்பு இன்டர்நெட் ஆர்க்கைவ் இந்தக் கணக்கையே கைவிட்டு, தன்னிடமிருந்த இரவல் மின்னூல்களைக் காத்திருப்புப் பட்டியல் இல்லாமல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஜூன் 1ஆம் தேதி நான்கு பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. அதே மாதம் 16ஆம் தேதி அது நிறுத்தப்பட்டது. இரண்டுக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் பதிப்புரிமையை முன்பே யோசித்து வைத்தவர்களின் ஏற்பாடு நிலைத்தது.

நம் தமிழ் நூல்களின் நிலைதான் கவலைக்குரியது. இங்கே சில நூறு பிரதிகள் மட்டும் அச்சாகி, வெளியீட்டு விழாவோடு மறைந்துபோன நூல்கள் எத்தனை! அவற்றை எந்தப் பெரிய பதிப்பகமும் மின்னூலாக விற்பதில்லை. 1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று சாதாரண மக்களிடம் நிதி திரட்டியதும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கும் தமிழ் நூல்களுக்கும் இடம் வேண்டும் என்பதற்காகத்தான். அப்படிச் சேர்ந்த நூல்கள் ஒரு கட்டடத்துக்குள் மட்டும் இருப்பது போதாது.

சிங்கப்பூர் இதில் முந்திக்கொண்டது. 1965 முதல் 2015 வரையிலான அந்நாட்டுத் தமிழ் இலக்கிய நூல்களைத் தேசிய நூலக வாரியமும் தமிழ்ச் சமூகமும் சேர்ந்து மின்னாக்கம் செய்தன. நாட்டின் பொன்விழாவுக்கான பரிசு அது. எழுத்தாளர்கள் அனுமதி கொடுத்தார்கள், தொண்டூழியர்கள் பிழை பார்த்தார்கள். அன்று யாரும் கிருமியைப் பற்றி நினைத்திருக்க மாட்டார்கள். ஐந்தே ஆண்டில் நூலகக் கதவுகள் மூடின. அந்த நூல்களைப் படிக்க மட்டும் கதவு தேவைப்படவில்லை.

ஒத்திகையிலும் அவர்களுக்கு அனுபவம் உண்டு. 2003 மார்ச் 27இல் சார்ஸ் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, வீட்டிலிருந்தே படிக்கும் மின்கற்றல் நாள்களைப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் நடத்திப் பார்த்தன. நூலகத்துக்கும் அப்படி ஒரு நாள் வைக்கலாம். கதவை மூடிவிட்டு, ஊழியர்கள் வீட்டிலிருந்து சேவை செய்து பார்க்கட்டும். எது வேலை செய்யவில்லை என்பது மதிய உணவுக்குள் தெரிந்துவிடும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை, பூஞ்சை. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் தாளில் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம். நம் வெளிக்காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். மின்சாரத்தை மிச்சப்படுத்தக் குளிர்சாதனத்தை அணைத்தால் புத்தகங்களின் கதி என்ன? 2020 மே மாதம் சபாவில் ஒரு பேரங்காடியில் தோல் காலணிகளும் பைகளும் பஞ்சு பூத்ததுபோல் வெண்மையாகக் கிடந்த படங்கள் புலனத்தில் சுற்றினவே, நினைவிருக்கிறதா? புத்தகமும் அப்படித்தான். ஆட்கள் இல்லாவிட்டாலும் ஈரப்பதம் குறைக்கும் கருவி ஓட வேண்டும்; வாரம் ஒருமுறை ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அத்தியாவசியப் பணியாளர் கடிதம் தயாரிக்கும்போது அவர் பெயர் விட்டுப்போகக் கூடாது.

திரும்பி வரும் புத்தகங்களில் கிருமி இருக்குமா என்ற பயமும் இருந்தது. அமெரிக்காவில் 'ரெல்ம்' என்ற ஆய்வுத்திட்டம் இதைச் சோதித்தது. தனித்தனியாக வைத்த நூல்களில் மூன்று நாளுக்குப் பிறகு கிருமி தென்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவற்றிலோ ஆறு நாளுக்குப் பிறகும் தென்பட்டது. பொருள்களைத் தொடுவதால் கோவிட் பரவும் ஆபத்து மிகக் குறைவு என்பது பின்னால் தெரியவந்தது. ஆனால் அடுத்த கிருமி எப்படிப்பட்டதோ? திரும்பும் நூல்களைப் பரப்பி வைக்க ஓர் அறையை முன்பே குறித்து வைப்பது நல்லது. கிருமிநாசினியை மட்டும் புத்தகத்தின்மேல் தெளித்துவிடாதீர்கள். கிருமி சாகிறதோ இல்லையோ, தாளும் அட்டையும் வீணாகும்.

இத்தனையும் செய்தாலும், வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைக்கு என்ன வழி? சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுதக் கைப்பேசிச் சமிக்ஞை தேடி மரத்தில் ஏறி இரவைக் கழித்தது அதே 2020 ஜூனில்தான். தோட்டப்புறங்களிலும் மடிக்கணினி இல்லாத வீடுகள் உண்டு. அஞ்சலில் நூல் அனுப்புவது பழைய முறையாகத் தோன்றலாம். எனக்கென்னவோ அதுதான் முதலில் வர வேண்டும் என்று படுகிறது. கூரியர் வண்டிகள் அப்போதும் ஓடிக்கொண்டுதானே இருந்தன?

அக்காள் மகளின் கதைக்கு வருகிறேன். கதவு திறக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. யாரோ சொல்லி, சுங்கை பட்டாணியில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் அந்தத் தொகுப்பு இருப்பது தெரிந்தது. வயது எழுபதுக்கு மேல். பேத்தியை உதவிக்கு வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் புலனத்தில் அனுப்பினார். மூன்று நாள் ஆனது. சில படங்களில் ஓரத்தில் அவருடைய கட்டைவிரலும் தெரியும். ஆய்வேட்டின் நன்றியுரையில் பேராசிரியருக்கு அடுத்து அவர் பெயர்தான் இருக்கிறது.

நூலகம் திறந்த வாரம் அவள் போய் அந்த ரெட் ஸ்பாட் நூலையும் பார்த்துவிட்டு வந்தாள். அட்டையில் லேசாக வெள்ளை பூத்திருந்ததாம்.