பன்னிரண்டு மில்லிமீட்டர் கவசம்

ஜப்பானியத் தரைப்படை 1930களின் நடுவில் ஏற்றுக்கொண்டு, 1941–42இல் மலாயா முழுவதும் முன்னணியில் ஓட்டிவந்த ‘ஹா-கோ’ என்னும் இலகுரக டாங்கி, 7.4 டன் எடையும் மூவர் குழுவும் கொண்ட சிறிய போர் ஊர்தி. அதை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், உயரம் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது சிங்கப்பூரின் பிடோக்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு ஒன்றின் சாப்பாட்டு மேசையில் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் அடங்கிவிடும் அளவு. இத்தகைய உருமாதிரியைப் பிளாஸ்டிக் துண்டுகளிலிருந்து ஒட்டிச் சேர்ப்பதைப் பொழுதுபோக்கு என்று வகைப்படுத்துவது வழக்கம்; ஓர் இயந்திரம் எங்கே வலுவாகவும் எங்கே நொய்மையாகவும் இருந்தது என்பதை விரல்களால் படித்தறியும் முறை என்று அதைச் சொல்வது இன்னும் பொருந்தும்.

முப்பத்தைந்தில் ஒன்று என்ற விகிதத்துக்குத் தனிக் கணித நியாயம் எதுவும் இல்லை. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஜெர்மானிய டாங்கி மாதிரி ஒன்றில் மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டியிருந்ததால் அமைந்த அளவு அது. பிறகு வந்த நிறுவனங்கள் அதையே பின்பற்றின. ஹா-கோவை ஜப்பானின் ஃபைன் மோல்ட்ஸ், ஹாங்காங்கின் டிராகன் ஆகியவை இந்த அளவில் வெளியிட்டுள்ளன. பெட்டியைத் திறந்தால் துண்டுகள் தனித்தனியாக இருப்பதில்லை. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடிய வழிகளே இறுகிச் சட்டங்களாக நிற்க, அவற்றில் கிளையில் காய்கள்போல் துண்டுகள் தொங்குகின்றன. அவற்றை நிப்பரால் வெட்டியெடுத்து, வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்கையே சற்றுக் கரைத்து இணைக்கும் திரவப் பசையால் ஒட்ட வேண்டும்.

வேலை பெரும்பாலும் அடிப்பகுதியில் தொடங்குகிறது, இந்த டாங்கியின் தனித்தன்மையும் அங்கேதான் இருக்கிறது. ஹாரா தொமியோ என்ற படைப் பொறியாளர் வகுத்த அதிர்வுதாங்கி அமைப்பில், ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள நான்கு சக்கரங்கள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் இணையிலிருந்தும் எழும் முழங்கை வடிவ நெம்புகோல், வண்டியின் பக்கவாட்டில் குழாய்க்குள் படுக்கையாக வைத்த சுருள்வில்லை அழுத்துவதால், சக்கரம் மேட்டில் ஏறும்போது எழும் செங்குத்து அசைவு கிடைமட்டமாகத் திரும்பி வில்லில் அடங்குகிறது. எளிமையான, அழகான தீர்வு இது. மஞ்சூரியாவின் சோள வயல்களில் மட்டும் உழுசால்களின் இடைவெளியும் சக்கரங்களின் இடைவெளியும் ஒத்துப்போனதால் வண்டி தாறுமாறாகக் குலுங்கியது. அதற்கென இடையில் சிறு சக்கரம் சேர்த்த வகை தனியே உருவானது. அந்த வகைக்கும் தனி மாதிரித் தொகுப்பு கிடைப்பதால், மலாயாவில் வந்த வண்டியைச் செய்ய விரும்புபவர் பெட்டியை வாங்கும்முன் சக்கரங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மேலே உள்ள சுழல்கோபுரத்தை ஒட்டும்போது வேறோர் உண்மை தெரிகிறது. அதற்குள் ஒருவருக்கே இடம் உண்டு. அவரே எதிரியைத் தேடவும், குண்டு நிரப்பவும், குறிபார்த்துச் சுடவும், மற்ற இருவருக்கும் கட்டளையிடவும் வேண்டும். இயந்திரத் துப்பாக்கியும் முன்னால் பீரங்கியோடு இல்லாமல் கோபுரத்தின் பின்புறம் வலப்பக்கமாக நீட்டிக்கொண்டிருப்பதால், அதைச் சுட அவர் கோபுரத்தையே திருப்ப வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் கடினமானது கவசத்தின் கனம். மூல வண்டியின் கவசத் தகடு மிகுந்த இடத்திலும் 12 மில்லிமீட்டரே. முப்பத்தைந்தால் வகுத்தால் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். தொகுப்பில் வரும் பிளாஸ்டிக் சுவரோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமுடையது, அதாவது மூல அளவில் 35 மில்லிமீட்டருக்கு நிகரானது. மேசைமேல் நிற்கும் பொம்மை, தன் விகிதத்தில், போர்க்களத்துக்கு வந்த டாங்கியைவிட மூன்று மடங்கு தடித்த தோல் கொண்டிருக்கிறது. ஆகவே தேர்ந்த கைவினைஞர்கள் திறந்து காட்டும் மூடிகளின் ஓரங்களை உட்புறமாகச் சீவி மெலிதாக்குகிறார்கள், அல்லது சேற்றுக்காப்புத் தகடுகளைக் களைந்துவிட்டு மெல்லிய பித்தளைத் தகட்டை மாற்றி வைக்கிறார்கள்.

இந்த மெலிவின் பொருளை ஜொகூரின் மூவாருக்கு அருகிலுள்ள பாக்ரியில் 1942 ஜனவரி 18 காட்டியது. சாலையில் வரிசையாக வந்த ஒன்பது ஹா-கோக்களை ஆஸ்திரேலியர்களின் இரண்டு பவுண்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் அழித்தன. கவசம் துளைக்கும் குண்டுகளில் சில ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறிவிடும் அளவுக்குத் தகடு மெலிதாக இருந்தது. அப்போது எடுத்த படங்கள் கன்பராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. மாதிரி செய்வோருக்கு அவை பாடநூல்.

இவ்வளவு மெலிந்த வண்டி எப்படி வென்றது என்ற கேள்விக்கு விடை எதிர்த்தரப்பின் வெறுமையில் இருக்கிறது. தீபகற்பச் சண்டைகளில் பிரித்தானியத் தரப்பிடம் டாங்கியே இல்லை. 1941 டிசம்பரில் ஜித்ராவிலும், 1942 ஜனவரி 7 விடியலில் சிலிம் ஆற்றருகிலும் ஜப்பானிய டாங்கிகளை எதிர்கொண்ட 11ஆம் இந்தியப் படைப்பிரிவின் வீரர்களுள் பலர் அதற்குமுன் ஒரு டாங்கியைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அவர்களை அந்நிலையில் நிறுத்திய திட்டமிடலே குற்றம் சுமக்க வேண்டியது. அவர்களுடைய துணிவைக் குறைசொல்ல இடமில்லை.

வண்ணம் பூசும் கட்டத்தில் ஊரின் வானிலையும் வேலைக்குள் வந்துவிடுகிறது. சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதால், விரைந்து ஆவியாகும் வண்ணத்தை ஏர்பிரஷ் என்னும் நுண்தெளிப்பானால் அடிக்கும்போது குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து வெண்புகைபோல் மங்கல் தோன்றும். மழை பெய்யும் மாலையைத் தவிர்ப்பதும், மெதுவாக உலரும் கரைப்பானைச் சேர்ப்பதும் பிடோக்கிலிருந்து ஜூரோங்வரை எவருக்கும் உதவும் வழிகள். போரின் தொடக்க ஆண்டுகளில் ஜப்பானிய டாங்கிகளில் பச்சை, பழுப்புத் திட்டுகளின்மேல் ஒழுங்கற்ற மஞ்சள் பட்டை ஓடியது. அதைக் கையால் ஒரே மூச்சில் இழுப்பதுதான் நன்றாக அமைகிறது.

கடைசியில் பூசுவது அழுக்கு. பாக்ரியில் நின்றுபோன ஒன்பது வண்டிகளும் சிங்கப்பூரை எட்டவேயில்லை என்பதால், அவற்றுள் ஒன்றைச் செய்பவர் மூவார்ச் சாலையின் செம்மண் தூசியை மட்டும் சக்கரங்களில் படிய வைக்கலாம். பிப்ரவரி 10 இரவு புக்கிட் தீமாவை நோக்கி இறங்கிய டாங்கிகளுள் ஒன்றைச் செய்பவரோ, அந்நாட்களில் எரிந்த எண்ணெய்க் கிடங்குகளின் புகைக்கரி மழையோடு கலந்து தீவின்மேல் கறுப்பாகப் பெய்தது என்பதை நினைவில் கொண்டு, அந்தச் செம்மண்ணின்மேல் நீர்த்த கறுப்பை மெல்லிய கோடுகளாக வழியவிட வேண்டும்.