ஏரிகளின் நடுவே எழுந்த மாநகர்

தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து புகையிரதத்திற் சென்னைக்குப் பிரயாணஞ் செய்த நம் முன்னோர்க்குத் தாம்பரம் என்னும் பெயர் பழக்கமானது. 1914ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது முதல், 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது வரை அவ்வழி ஓடிய 'போட் மெயில்' வண்டி, எழும்பூரை அடையுமுன் கடந்து சென்ற ஊர்களுள் தாம்பரமும் ஒன்று. அன்று தாம்பரம் வந்ததென்றால், பட்டணம் நெருங்கிவிட்டது என்று பொருள். இன்றோ தாம்பரமே ஒரு பட்டணம். 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் அது தனி மாநகராட்சி.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி அமைத்தது இம்மாநகராட்சி. இதற்கு 70 வட்டாரங்கள் உண்டு. பெருநகரொன்றின் ஓரத்திலிருந்த சிற்றூர்கள் எங்ஙனம் மாநகராயின? அவ்வளர்ச்சியிற் பெற்றவை எவை, இழந்தவை எவை? இவற்றைச் சிறிது ஆராய்வோம். ஏனெனில் இக்கதை தாம்பரத்துக்கு மட்டும் உரியதன்று.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். இப்பகுதி புதிய பகுதியன்று. 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலறிஞர், ஆதி மனிதன் கையாண்ட கல்லாயுதமொன்றைக் கண்டெடுத்தது பல்லாவரத்திலேதான். இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சிக்கு அதுவே வாயில் திறந்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரையும் பல்லாவரத்தில் உண்டு. எனவே, மனிதர் வாழத் தகுந்த நிலமென்று நெடுங்காலத்துக்கு முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்ட நிலம் இது.

ஆயினும், இன்றைய நகரை ஈன்ற தாய் புகையிரதமே எனலாம். 1931ஆம் ஆண்டிற் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவர் பட்டணத்திலேயே குடியிருக்க வேண்டும் என்ற நியதி அத்துடன் தளர்ந்தது. குறைந்த வாடகை, நல்ல காற்று, சொந்தமாக ஒரு மனை: நடுத்தரக் குடும்பத்தினர்க்கு வேறென்ன வேண்டும்?

நல்ல காற்றை நாடியே மருத்துவரும் வந்தனர். 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து என்பார் இங்கே காசநோயாளர்க்கென ஆரோக்கியசாலை ஒன்றை நிறுவினார். அருகிலுள்ள புகையிரத நிலையம் இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' என்றே வழங்குகின்றது. 1937ஆம் ஆண்டிற் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெருக்கடியை விட்டு இங்குக் குடிபெயர்ந்தது. புதர் மண்டிக் கிடந்த அந்நிலத்தில் மரங்களை நட்டு வளர்ப்பித்தவருள் எட்வர்ட் பார்ன்ஸ் என்னும் இரசாயனப் பேராசிரியர் குறிப்பிடத்தக்கவர். பாடம் சொல்வதோடு ஆசிரியன் பணி முடிவதில்லை என்பதற்கு அக்கல்லூரிச் சோலை சான்றாக நிற்கின்றது.

குரோம் தோல் தொழிற்சாலையொன்றினாற் பெயர் பெற்ற ஊர் குரோம்பேட்டை. 1984ஆம் ஆண்டில் ஏற்றுமதிப் பொருள்களுக்கான தனித் தொழில் வலயம் தாம்பரத்தில் அமைந்தது. பின்னர்க் கணினித் தொழில் பெருகவே, வீடுகள் மேலும் பெருகின. 2001க்கும் 2011க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் பழைய தாம்பரம் நகராட்சியின் மக்கள்தொகை ஏறக்குறைய 1 இலட்சத்து 38 ஆயிரத்திலிருந்து 1 இலட்சத்து 75 ஆயிரமாயிற்று. பல்லாவரத்தினதோ 1 இலட்சத்து 45 ஆயிரத்திலிருந்து 2 இலட்சத்து 15 ஆயிரத்தையும் தாண்டியது. 2023ஆம் ஆண்டின் இறுதியில், தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகளுக்கென அண்மையிலுள்ள கிளாம்பாக்கத்திற் பெரிய நிலையமொன்று திறக்கப்பட்டது. சென்னையின் தெற்கு வாயில் இவ்வாறு தாம்பரத்தையுங் கடந்து சென்றுவிட்டது.

இதுவரை சொன்னது பெற்றவற்றின் கணக்கு. இனி மற்றைக் கணக்கைப் பார்ப்போம்.

நாம் குளம் என்று சொல்வதைத் தொண்டைநாட்டார் ஏரி என்பர். தாம்பரத்தை உள்ளிட்ட செங்கற்பட்டுச் சீமை 'ஏரி மாவட்டம்' என்றே புகழ்பெற்றது. மழைநீரைக் கரைகட்டித் தேக்குவர். மதகு வழியாக வயலுக்குப் பாய்ச்சுவர். மிஞ்சிய நீர் கலங்கல் வழியே அடுத்த ஏரியைச் சேரும். சிட்லபாக்கத்து மிச்சநீர் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளுக்கும் சென்று, முடிவிற் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடையும். மேற்கே விழும் மழை அடையாற்றுக்குப் போகும். திருநீர்மலையைச் சூழ்ந்து நீர் நின்றமையால், அது வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் காத்திருந்தார் என்பது தலவரலாறு. நீர் நிற்கும் இடம் இது என்பதை ஊரின் பெயரே உரைக்கின்றதன்றோ?

வயல் இருந்தவரை ஏரிக்குக் காவல் இருந்தது. தூர் வாராவிட்டால் நெல் விளையாது. ஆதலால் ஊரார் கூடிக் குடிமராமத்துச் செய்தனர். வயல்கள் வீட்டுமனைகளான பின்னர், ஏரியை நம்பி வாழ்பவர் எவருமில்லை. காவல் நீங்கியது, வாய்க்கால் கழிவுநீர்க் கால்வாயாயிற்று. பல்லாவரத்துப் பெரிய ஏரியைப் பிளந்துகொண்டு பெருஞ்சாலையே சென்றது. நீரின் வழியை மனிதன் மறந்தான். நீரோ தன் வழியை மறக்கவில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதலாந் திகதி தொடங்கிய ஒரு நாட் பொழுதில் தாம்பரத்தில் 49 சென்ரிமீற்றர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் வீதியும் வீடும் வெள்ளக்காடாயின. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அவ்வூர்கள் நீரில் நின்றன. இடையில், 2019ஆம் ஆண்டுக் கோடையிலோ, சென்னைக்கு நீரளிக்கும் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து புகையிரதத்தில் தண்ணீர் கொண்டுவரும்படியாயிற்று. வெள்ளமும் வறட்சியும் ஒரே குறையின் இரு முகங்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அந்த 2019ஆம் ஆண்டிலேயே சிட்லபாக்கத்து மக்கள் தங்கள் ஏரியிற் குவிந்திருந்த குப்பையையும் தூரையும் அகற்றத் தாமே இறங்கினர். உத்தியோகத்தரும் மாணவரும் மூதாட்டிகளும் அப்பணியில் ஒன்றுகூடினர். அதன்பின் அரசும் அவ்வேரியின் சீரமைப்புக்கு 25 கோடி ரூபா ஒதுக்கியது. அவர்களுக்கு அங்கே வயலில்லை, நெல்லில்லை. ஆயினும் ஏரி தங்களுடையது என்ற உணர்வு மீண்டது. குடிமராமத்து என்பது உழவர்க்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் உணர்த்திவிட்டனர். அரசாணையினால் ஓர் ஊர் மாநகராட்சியாகலாம். ஆனால் அங்கு வாழ்வோர் இந்தப் பொறுப்பை ஏற்கும்போதே அது மாநகராகின்றது என்பது நம் கருத்து.

நம் நாட்டிலும் இப்பாடம் தெரியாததன்று. 2016ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்திற் கொலன்னாவை வீடுகள் மூழ்கியதை நாம் கண்டோம். ஈரநிலமே நகரைக் காக்கும் அரண் என உணர்ந்து அவற்றைப் பேணியதால், கொழும்பு 2018ஆம் ஆண்டிற் சர்வதேச ஈரநில நகர் என்ற மதிப்பைப் பெற்றது. 2022ஆம் ஆண்டிற் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

புத்தளக் கடலேரிக்கும் பெருங்கடலுக்கும் நடுவே, ஓலைக்குடில்களும் தோணிகளுமாய்க் கிடக்கும் உச்சமுனைக்கும் இதற்கும் தொடர்பு யாது என வினவலாம். தொடர்பு உண்டு. கற்பிட்டியை அடுத்த 14 தீவுகளை உல்லாசப் பிரயாணத் தலங்களாக்க வகுத்த திட்டத்தில் உச்சமுனையும் அடங்கியிருந்தது. இத்தகைய மணற்றிட்டில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாய் மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். தாம்பரத்துக்கு ஏரி எப்படியோ, இம்மணலுக்கு அந்நீர்ப் படலம் அப்படி. வளர்ச்சி வேண்டாமென்று எவரும் சொல்லார். மீனவன் பிள்ளைக்கும் நல்ல பாடசாலையும் வைத்தியசாலையும் வேண்டும். ஆனால், எத்தனை கட்டடம் எழுப்பலாம் என்று கேட்குமுன், எவ்வளவு நீர் உண்டு, அது எவ்வழியே செல்கின்றது என்று கேட்டறிதல் வேண்டும். அக்கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை நம் மாணவர் இன்றே தம் ஊர்க் குளக்கரையிற் பயிலத் தொடங்குவாராக!