குந்துமணித் தங்கம்

சிங்கப்பூரின் சாங்கிக் கடற்கரைப் பக்கம் காலை நடை போகும்போது, மரத்தடிப் புல்லில் சிவப்பு மணிகள் சிதறிக் கிடந்தால் குனிந்து பொறுக்குங்கள். மலாய்க்காரர்கள் இதைச் சாகா என்பார்கள். நமக்கு மஞ்சாடி, ஆனைக்குன்றிமணி என்றும் பெயர். முறுக்கிச் சுருண்ட நெற்று வெடித்து விழுந்தவை. கையில் வைத்தால் எண்ணெய் தடவியது போல் மினுங்கும்.

ஒரு காலத்தில் தங்கம் நிறுத்த எடைக்கல் இதுதான். நான்கு விதை ஏறத்தாழ ஒரு கிராம். கொடியில் காய்க்கும் கறுப்புக்கண் குன்றிமணி, அதாவது குந்துமணி, இதில் பாதி எடை. (அதைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், உள்ளே கடும் நஞ்சு.) இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் கொடுத்த பொன்னும் நகையும் கல்வெட்டில் இந்தக் கணக்கில்தான், குன்றிவரை விடாமல் பதிவாகியிருக்கின்றன. பொன் நிறுத்த கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயரே உண்டு.

கல்லும் இரும்பும் இருக்க விதை எதற்கு? இதன் தோலுக்குள் தண்ணீர் எளிதில் புகாது. மழைக்காலத்து ஈரத்திலும் எடை ஏறாது. முளைக்க வைப்பதற்கே தோலைத் தேய்த்துக் கீற வேண்டும். ஆனால் எல்லா விதையும் ஒரே எடை என்று நம்பிவிடக் கூடாது. இரண்டு தட்டிலும் ஒவ்வொன்றாக வைத்து, முள் நடுவில் நிற்பவற்றை மட்டும் சேர்த்து வைக்க வேண்டும். அங்கேதான் ஆசாரியின் கண்ணும் நாணயமும் தெரியும்.

என்னைச் சிலிர்க்க வைத்த செய்தி ஒன்று: இன்றைய கானா நாட்டில், பொன்தூளையே காசாகப் புழங்கிய அசாந்தி மக்களிடமும் மிகச் சிறிய எடைகளில் ஒன்று இந்தக் குன்றிமணி. பெரிய எடைகளைப் பித்தளையில் வார்த்தார்கள். தேன்மெழுகில் உருவம் பிடித்து, களிமண் பொதிந்து சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவது, நம் சுவாமிமலை ஸ்தபதிகள் செய்யும் அதே முறை. தலையைத் திருப்பி முதுகைப் பார்க்கும் பறவை, மீன், முக்காலி என்று விரல்நுனி அளவு உருவங்கள். பலவற்றுக்குப் பின்னால் ஒரு பழமொழி இருக்கும். மெழுகே இல்லாமல், நிஜ வண்டையும் நிலக்கடலையையும் களிமண்ணில் பொதிந்து எரித்து, அந்தக் குழியில் வார்த்ததும் உண்டு.

சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் இன்று மின்தராசு. ஆனாலும் நம் வீட்டுப் பெரியவர்கள், "குந்துமணித் தங்கம்கூட இல்லாமலா பெண்ணை அனுப்புவது?" என்றுதான் கேட்கிறார்கள். போன வாரம் சாங்கியில் பொறுக்கிய மஞ்சாடியில் முப்பத்திரண்டை எண்ணி வீட்டுத் தராசில் கொட்டினேன். எட்டு கிராமை ஒட்டி நின்றது: ஒரு பவுன்.