மடக்குக் கத்தியின் பூட்டு இறுகினால்

உழவுத் தொழிலுக்கு வேண்டிய பெரிய இயந்திரங்களைப் பற்றி இக்காலத்தில் அதிகமாகப் பேசப்படுகிறது. டிராக்டர் பழுதானால் ஊரே கூடிப் பார்க்கிறது. ஆனால் சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்தி பழுதானால் அதை யாரும் கவனிப்பதில்லை. பழத்தோட்டமும் நாற்றங்காலும் வைத்திருப்போருக்கு இச்சிறு கருவி கைவிரலைப் போன்றது. அதைச் சரிவரப் பேணாவிட்டால் அந்தக் கைவிரலுக்கே கேடு விளையும்.

சென்னைக்குத் தெற்கேயுள்ள தாம்பரம் 2021-ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் முதலிய ஊர்கள் அதனுடன் இணைந்தன. அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வயல்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. எனினும் வீடு கட்டுகிறவர் வாசலில் ஒரு மாங்கன்றோ சப்போட்டாக் கன்றோ வைக்க விரும்புகிறார். ஆகவே ஒட்டுக் கன்று உற்பத்தி செய்வோருக்கு வேலை உண்டு. அவர்கள் கையில் நாள்தோறும் புழங்குவது இக்கத்தியேயாகும்.

பூட்டின் அமைப்பு

மடக்குக் கத்தியில் அலகு, பிடி, இரண்டையும் சேர்க்கும் அச்சாணி ஆகியவை முக்கிய உறுப்புகள். சாதாரணப் பேனாக்கத்திக்குப் பூட்டு இல்லை. ஒரு வில் மட்டும் அலகைத் தாங்கி நிற்கும். பூட்டுள்ள கத்திகளில் மூன்று வகைகளைப் பொதுவாகக் காணலாம்.

முதல் வகையில், பிடியின் முதுகுப்புறத்தில் ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். அலகை விரித்தவுடன் சட்டத்தின் மூக்கு அலகின் அடியிலுள்ள காடியில் விழுந்து பற்றிக்கொள்ளும். சட்டத்தின் பின்பகுதியை அழுத்தினால் விடுபடும். இரண்டாம் வகையில், பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக் கொடுத்து நிற்கும். அதைப் பெருவிரலால் ஒதுக்கி மடக்க வேண்டும். மூன்றாம் வகையில் அலகின் கழுத்தில் சுழலும் வளையமே பூட்டு. பிரான்சு நாட்டில் 1890-ஆம் ஆண்டில் தோன்றிய ஒப்பினெல் என்னும் மரப்பிடிக் கத்தி இதற்கு நல்ல உதாரணம். அதற்கு 1955-ஆம் ஆண்டில் வளையப் பூட்டு சேர்க்கப்பட்டது.

இறுகுவதன் காரணங்கள்

பூட்டு இறுகுவதற்கு முதற்காரணம் பிசின். மாங்கிளையை வெட்டினால் பால் வடிகிறது. பலா, சப்போட்டா ஆகியவற்றில் அது இன்னும் அதிகம். சப்போட்டாவை ஒட்டுவதற்கு வேர்ச்செடியாகக் கொள்ளும் பாலையும் பெயருக்கேற்பப் பால் மிகுந்த மரமே. இந்தப் பால் காடியில் இறங்கி, மண்ணோடும் மரத்தூளோடும் கலந்து உலர்ந்து, பசைபோல் கெட்டியாகிறது.

இரண்டாவது காரணம் துரு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் ஈரக் கத்தியை மடக்கிப் பையில் போட்டுவிடுகிறோம். திருவான்மியூர் முதல் கோவளம் வரையிலான கரையோரத்தில் உப்புக் காற்றும் சேர்ந்து இரும்பை அரிக்கிறது. நோய் பரவாமலிருக்கக் கத்தியைக் குளோரின் கலந்த நீரில் தோய்ப்பவர்கள், பின்னர் நல்ல நீரில் கழுவித் துடைக்காவிட்டால் துரு விரைவில் ஏறும்.

மூன்றாவது காரணம் தவறான எண்ணெய். வீட்டிலுள்ள நல்லெண்ணெயை விடுவது பலருடைய வழக்கம். அது நாளடைவில் காற்றுப் பட்டுப் பிசுபிசுக்கும். தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். இவை இரண்டும் தூசியைப் பிடித்து வைக்கும்.

இவையன்றி அச்சாணியின் திருகு அதிகமாக முடுக்கப்பட்டிருத்தல், மரப்பிடி மழைக்காலத்தில் ஊதி அலகை நெருக்குதல், கீழே விழுந்ததால் தகடு வளைதல் ஆகியனவும் உண்டு.

சரிசெய்யும் முறை

1. பலவந்தம் கூடாது. சுத்தியலால் தட்டுவதும் பல்லால் கடித்து இழுப்பதும் விபத்தில் முடியும். திறந்த நிலையில் இறுகியிருந்தால், அலகின்மேல் தடித்த சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, வெட்டும் விளிம்பு உடலுக்கு எதிர்ப்புறம் நோக்குமாறு பிடிக்க வேண்டும்.

2. அலகை மடக்கும் திசையில் தள்ளிக்கொண்டே பூட்டை அழுத்தினால் அது மேலும் இறுகும். அலகை விரியும் திசையில் சற்றே தள்ளினால் பூட்டின்மீதுள்ள பாரம் குறையும். அந்த நிலையில் சட்டத்தையோ தகட்டையோ அழுத்தினால் பெரும்பாலும் விடுபடும்.

3. விடுபடாவிடில் காடியிலும் அச்சாணியிலும் சில துளி மண்ணெண்ணெய் விட்டு அரைமணி நேரம் வைக்க வேண்டும். அருகில் அடுப்போ பீடியோ இருத்தல் ஆகாது. மண்ணெண்ணெய் இப்போது எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. பலாப்பழம் அறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதை நாம் அறிவோம். அதே முறையில் சமையல் எண்ணெயைப் பூசிப் பிசினை இளக்கலாம். ஆனால் பிறகு வெந்நீரும் சோப்பும் கொண்டு அந்த எண்ணெயை அடியோடு நீக்கிவிட வேண்டும்.

4. பூட்டு விடுபட்ட பின், ஈர்க்குச்சியின் நுனியில் துணியைச் சுற்றிக் காடியையும் பிடியின் உட்புறத்தையும் துடைக்க வேண்டும். ஆணியால் சுரண்டலாகாது.

5. நன்றாக உலர்ந்தபின் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி மட்டும் அச்சாணியில் விட்டு, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். பக்கத் தகடு மட்டும் ஒட்டிக்கொண்டு தொல்லை தருமானால், அது முட்டும் இடத்தில் எழுதும் பென்சிலால் இரண்டு கோடுகள் தேய்த்தால் வழுவழுப்பு உண்டாகும்.

6. திருகு உள்ள கத்தியாயின் அதைச் சிறிதளவு தளர்த்திப் பார்க்கலாம். அலகு பக்கவாட்டில் ஆடும் அளவுக்குத் தளர்த்தலாகாது. மரப்பிடி ஊதியிருந்தால் சில நாட்கள் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலிலோ தணலிலோ காய்ச்சினால் பிடி வெடிக்கும்.

செய்யக் கூடாதது

சிலர் பூட்டு எளிதில் விடுபட வேண்டுமென்று காடியையும் சட்டத்தின் மூக்கையும் அரத்தால் ராவிவிடுகிறார்கள். இது மிகவும் அபாயமான வைத்தியம். இறுகிய பூட்டினால் வேலைதான் தாமதமாகும். வழுக்கிவிடும் பூட்டினால் விரலே போய்விடக்கூடும். அந்த இரண்டு பரப்புகளும் மயிரிழை அளவுக்குப் பொருந்தியிருப்பதால்தான் அலகு நிற்கிறது. ராவிய பின் அந்தப் பொருத்தம் திரும்ப வாராது. மாம்பட்டையில் ஆப்பு வடிவாகச் சீவும்போது அலகு திடீரென மடங்கினால், அது பிடியைப் பற்றியுள்ள விரல்களின்மேல்தான் விழும். தொல்லையைத் தீர்க்கப் போய் ஆபத்தை வருவித்துக்கொள்வது அறிவுடைமையாகாது.

ஆகையால் பழுது பார்த்த ஒவ்வொரு கத்தியையும் சோதிக்க வேண்டும். அலகை முழுவதும் விரித்துப் பூட்டி, அது மடங்கி வரும் வழியில் எந்த விரலும் இல்லாதபடி பிடியைப் பக்கங்களில் பற்றி, அலகின் முதுகை ஒரு மரக்கட்டையின்மேல் மெல்ல அழுத்திப் பார்க்கலாம். பூட்டு சிறிதேனும் நழுவினால் அக்கத்தியை வேலைக்கு உபயோகிக்கலாகாது. வில் ஒடிந்ததையும் தகடு தேய்ந்ததையும் வீட்டில் வளைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். உறையுடன் கூடிய மடக்காத ஒட்டுக்கத்தியை வாங்கிக்கொள்வதே மேல்.

வெட்டுப்பட்டால்

காயத்தின்மேல் காப்பித்தூளோ சுண்ணாம்போ வைக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். சுத்தமான நீரில் சோப்பிட்டுக் கழுவி, தூய துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். மண்ணில் புழங்கும் கத்தியாதலால் இரண ஜன்னி வரக்கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் அவசியம். விரல் மரத்துப் போனாலோ மடக்க முடியாவிட்டாலோ நரம்பு அறுபட்டிருக்கலாம்; உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது

நாற்றங்கால் நடத்தும் பஞ்சாயத்துகளும் மகளிர் குழுக்களும் ஒரு சிறு ஏற்பாடு செய்யலாம். ஓர் எண்ணெய்ப் புட்டி, பழந்துணி, ஈர்க்குச்சி, சோதிப்பதற்கு ஒரு மரக்கட்டை ஆகியவற்றை ஒரு பெட்டியில் வைத்தால் போதும். அன்றாடம் வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து வைப்பதும், வாரம் ஒருமுறை எல்லாக் கத்திகளின் பூட்டையும் சோதிப்பதும் வழக்கமாக வேண்டும். நழுவும் கத்தியை நீக்கிவிட்டு வேறு கொடுப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். தினக்கூலிக்கு வரும் ஒரு பெண்ணின் விரல் வெட்டுப்பட்டால் அவள் குடும்பத்துக்கு நேரும் இழப்போ பெரிது. உறுப்பினர்கள் இதனை மனத்திற்கொண்டு, ஒட்டுக்கட்டும் பருவம் தொடங்குமுன் தத்தம் ஊர்களில் இச்சோதனையை நடத்துவார்களாக.